அமெரிக்க வெட்டுக் கண்ணாடி

அமெரிக்க வெட்டுக் கண்ணாடி (கட் கிளாஸ்) என்பது ஈயம் கலந்த கனத்த கண்ணாடிப் பாத்திரங்களின் மேற்பரப்பில், சுழலும் சக்கரங்களைக் கொண்டு ஆழமான வடிவங்களை வெட்டி உருவாக்கப்பட்ட கலைப்பொருள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 1876 முதல் 1917 வரையான காலப்பகுதி இக்கலையின் "ஒளிமிகு காலம்" எனப்படுகிறது. சேகரிப்போர் பெரிதும் தேடுவது இக்காலத்துப் பொருட்களையே.

வரலாறு

1876இல் பிலடெல்பியாவில் நடைபெற்ற நூற்றாண்டுக் கண்காட்சி உள்நாட்டு வெட்டுக் கண்ணாடிக்குப் பெயர் தேடித் தந்தது. நியூயார்க் மாநிலத்தின் கோர்னிங் நகரில் இயங்கிய ஆக்ஸ் நிறுவனம் 1882இல் "ரஷ்யன்" எனும் வடிவத்துக்கு உரிமம் பெற்றது. 1891இல் வெள்ளை மாளிகைக்கென டோர்பிளிஞ்சர் நிறுவனம் செய்த தொகுதியும் இவ்வடிவத்தைக் கொண்டதே. 1888இல் ஒகையோவின் டொலீடோ நகருக்குக் குடிபெயர்ந்த லிபி நிறுவனம், 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையையே அமைத்துக் காட்டியது. முதல் உலகப் போரில் ஈயத்தின் தேவை போர்த்தளவாடங்களுக்குத் திரும்பியதும், மலிவான அச்சுக் கண்ணாடி பெருகியதும் இத்தொழிலை நலிவடையச் செய்தன.

அடையாளம் காணல்

வெட்டுக் கண்ணாடிக்கும் அச்சுக் கண்ணாடிக்கும் உள்ள வேறுபாட்டை விரலே சொல்லிவிடும். வெட்டப்பட்டதன் விளிம்புகள் கூர்மையானவை. அச்சில் வார்த்தவை மழுங்கியவை, பெரும்பாலும் அச்சின் இணைப்புக் கோடும் தெரியும். ஆயினும் அச்சில் பாதி வடிவம் பெற்று, பின்னர் சக்கரத்தால் கூர்மையாக்கப்பட்ட பொருட்களும் அக்காலத்திலேயே விற்கப்பட்டன. இவற்றில் சக்கரம் படாத இடங்கள் மழுங்கியே இருக்கும். ஆகவே ஓரிரு விளிம்புகளை மட்டும் தொட்டுப் பார்ப்பது போதாது. ஈயக் கண்ணாடியை மெல்லத் தட்டினால் நீண்ட மணியோசை எழும் என்பர். ஆனால் தடித்த அல்லது மூடிய வாயுள்ள கலங்கள் அவ்வாறு ஒலிப்பதில்லை.

அடிப்பகுதியைப் பார்ப்பது நல்ல சோதனை. நெடுங்காலம் மேசையில் இருந்த பாத்திரத்தின் அடியில் பல திசைகளிலும் ஒழுங்கற்ற கீறல்கள் காணப்படும். ஒரே திசையில் சீராக அமைந்த கீறல்கள் ஐயத்துக்குரியவை. நீண்ட அலை புற ஊதா ஒளியில் பழைய அமெரிக்கக் கண்ணாடி பொதுவாக மஞ்சள் கலந்த பச்சை நிறமாக ஒளிர்வதாகச் சேகரிப்போர் கூறுவர். இதுவும் துணைச் சான்று மட்டுமே.

முத்திரைகள்

சில நிறுவனங்கள் தம் பெயரையோ சின்னத்தையோ அமிலத்தால் பொறித்தன. ஆக்ஸ் நிறுவனத்தின் சின்னத்தில் இரு பருந்துகள் இடம்பெற்றன. இம்முத்திரைகள் மிக மெல்லியவை. ஒளியில் சாய்த்துப் பார்த்தாலன்றித் தெரியா. முத்திரையிடப்படாத நல்ல பொருட்கள் ஏராளம். மாறாக, விலையை உயர்த்தப் பிற்காலத்தில் இடப்பட்ட போலி முத்திரைகளும் உள்ளன. எனவே முத்திரையைவிட, பழைய விற்பனைப் பட்டியல்களில் உள்ள வடிவத்துடன் ஒப்பிடுவதே நம்பத்தக்கது. அமெரிக்க வெட்டுக் கண்ணாடிச் சங்கம் இத்தகைய பட்டியல்களை மறுபதிப்புச் செய்துள்ளது.

பராமரிப்பு

திடீர் வெப்ப மாற்றத்தில் இக்கண்ணாடி விரிசல் விடக்கூடும். சுடுநீரும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஆகாதவை. மது, பழச்சாறு போன்றவற்றை இதில் நாட்கணக்கில் சேமித்து வைத்தால் ஈயம் அவற்றில் கரையும்.