தானியங்கிப் பக்கவாத்தியம்

பாடுபவருக்கோ வாசிப்பவருக்கோ வேண்டிய சுருதி, தாளம், கார்டு முதலியவற்றைப் பக்கத்தில் ஆள் இல்லாமலே தரும் கருவிகளுக்கும் மென்பொருள்களுக்கும் தானியங்கிப் பக்கவாத்தியம் என்று பொதுப்பெயர் சொல்லலாம். மின் சுருதிப்பெட்டி, மின் தம்பூரா, தாளமானி, கீபோர்டில் உள்ள ‘ஸ்டைல்’, கரோக்கி டிராக், கைப்பேசிச் செயலிகள், கோயில்களின் மின்மேளம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவை எங்கே பொருந்துகின்றன, எங்கே முரண்டு பிடிக்கின்றன என்று பார்க்கத் திருவண்ணாமலை நல்ல இடம். கோயில் நாதசுர மரபு, அரசு இசைப்பள்ளி, திருப்புகழ் மூன்றும் இந்த ஓர் ஊரில் கூடியிருக்கின்றன.

ஒத்தும் ஜால்ராவும்

மறுபேச்சில்லாமல் ஆமாம் போடுகிறவனைத் தமிழில் ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம், அல்லது ‘ஜால்ரா அடிக்கிறான்’ என்கிறோம். இரண்டும் பக்கவாத்தியத் தொழிலிலிருந்து வந்த வசைகள். ஒத்து என்பது நாதசுரத்தைப் போலவே நீண்ட, ஆனால் விரல் வைத்து வாசிக்காத குழல். கச்சேரி முடியும்வரை ஒரே சுருதியை மூச்சு அறாமல் ஊத வேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுக்கும் வித்தை கைவந்தால்தான் அது முடியும். ஜால்ரா தாளத்தின் அடியைக் காட்டும்.

இயந்திரம் முதலில் பறித்துக்கொண்டது இந்த இரண்டு வேலைகளைத்தான். சொந்தமாக எதுவும் சொல்ல வேண்டாத வேலை பெட்டிக்குள் அடங்குவது எளிது. நாதசுர மேளங்களில் ஒத்து இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் மின் சுருதிப்பெட்டி இருக்கிறது. ஊர்வலத்தில் பேட்டரியில் ஓடும், களைப்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. ஆனால் ஒத்து ஊதியவர் பல நேரம் மேளக்காரரின் மகனோ மருமகனோ சீடப்பிள்ளையோ ஆக இருந்தார். குருவின் பக்கத்தில் நின்று ஊதிக்கொண்டே ராகம் எப்படி விரிகிறது, தவில் எங்கே இறங்குகிறது என்று கேட்டுக் கேட்டுத் தேறியவர் அவர். பெட்டி வந்ததும் அந்த இடம் போயிற்று. கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டிய மாணவருக்கும் இதே கதி.

பெட்டிக்குள் வந்த சுருதி

மின் தம்பூரா 1979-ல் பெங்களூரில் உருவானது. அதை வடிவமைத்த ஜி. ராஜ் நாராயண் புல்லாங்குழல் கலைஞர், பொறியாளரும்கூட. அவர் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் சுருதிப்பெட்டியும் தாளமானியும் பிறகு பாட்டு வாத்தியார் வீடுகளில் குத்துவிளக்குபோல இருந்தாக வேண்டிய பொருள்கள் ஆகிவிட்டன. அதற்கு முன்பு துருத்தி வைத்த சுருதிப்பெட்டி இருந்தது. ஒரு கை அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

தம்பூராவின் நான்கு தந்திகள் மந்தர பஞ்சமம், இரண்டு சாரணைகள், மந்தர ஷட்ஜம் என்று அடுத்தடுத்து ஒலிக்கும். குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் நூல்தான் ஜீவா. அது தந்தியை மேலோசைகளோடு ரீங்கரிக்க வைக்கும். மின் தம்பூரா செய்தவர்களுக்கு வேலை வைத்தது இந்த ஜீவாதான். வெறும் நான்கு சுரங்களை வரிசையாக ஒலிக்க விட்டால் அது தம்பூரா ஆகாது. இன்றைய செயலிகள் உண்மையான தம்பூராவின் பதிவையே துண்டு துண்டாக வைத்திருப்பதால் அந்தக் குறை பெரிதும் தீர்ந்துவிட்டது.

தீராத குறை ஒலிபெருக்கியில் இருக்கிறது. ஒரு கட்டையில் பாடும் ஆணின் மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர ஷட்ஜம் அதில் பாதி. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தை எட்ட முடியாது. மேலோசைகள் மட்டும் கேட்கும், மிச்சத்தைக் காது ஊகித்துக்கொள்ளும். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்துப் பெட்டி மின்வெட்டில் நின்றது, இந்தக் காலத்துச் செயலி நடு ஆலாபனையில் ‘கால்’ வந்தால் நிற்கிறது.

இசைப்பள்ளிப் பாடம்

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை மாவட்ட இசைப்பள்ளிகளை நடத்துகிறது. திருவண்ணாமலையிலும் ஒன்று உண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை இப்பள்ளிகளின் பாடங்கள். படிப்பு மூன்று ஆண்டு. நாதசுரம், தவில் வகுப்புகளில் சேரத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இத்தகைய மாணவர்கள் வீட்டில் தம்பூராவும் மிருதங்கக்காரரும் ஏது? தனியாகச் சாதகம் செய்யும் நேரத்துக்குச் செயலிதான் துணை.

சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடும்போது மூன்றாம் காலத்தில் பிள்ளைகள் ஓடத் தொடங்குவார்கள். கையால் தாளம் போட்டால் பாட்டோடு சேர்ந்து கையும் ஓடும், ஓடியது தெரியாது. நிமிடத்துக்கு 60 அட்சரம் என்று தாளமானியை வைத்தால் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் சரியாக 8 விநாடி. ஓடினவன் சமத்துக்கு முன்பே போய் நின்றுகொண்டிருப்பான். வாத்தியார் திட்ட வேண்டியதில்லை. காலப்பிரமாணம் கற்பிக்க இதைவிட நேர்மையான கருவி கிடையாது.

அதே கருவியைக் கையில் தாளம் போடாமல் கேட்டுக்கொண்டே பாடப் பழகினால் விளைவு நேர்மாறு. பெட்டியை நிறுத்தியதும் பிள்ளைக்கு எண்ணிக்கை தவறும். தாளம் உள்ளே ஏறவில்லை, வெளியிலேயே இருந்திருக்கிறது. பெட்டியை ஓடவிட்டுச் சில ஆவர்த்தனத்துக்கு ஒலியை மட்டும் அடைத்து, மறுபடி திறக்கும்போது சமம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது இதற்கு நல்ல மருந்து.

பரதநாட்டிய வகுப்பில் தட்டுக்கழியும் தட்டுப்பலகையும் இன்னும் இருக்கின்றன. ஆனால் சலங்கை பூஜைக்கும் போட்டிகளுக்கும் பதிவிசைதான் அதிகம். பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் என்று நான்கு பேரை அழைத்து வரும் செலவை எல்லாப் பெற்றோராலும் தாங்க முடியாது. 2020-ல் வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது ஒலி தாமதமாக வந்ததால் குருவும் சீடரும் சேர்ந்து பாடவே முடியவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் செயலியை ஓடவிட்டுக்கொள்வதே வழி என்றாயிற்று.

ஏழரையில் மாட்டிய பெட்டி

ஏழு தாளம், ஐந்து சாதி, ஆக 35 தாளங்கள். மூன்று அட்சரமுள்ள திஸ்ர ஏகம் முதல் 29 அட்சரமுள்ள சங்கீர்ண துருவம் வரை எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டுவிடலாம். ஆனால் 15-ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் இந்தக் கட்டத்துக்குள் நிற்கவில்லை. திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்று மரபு சொல்லும் அந்தக் கவியின் திருப்புகழ்ப் பாடல்கள் 1,300-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பழைய பண்கள் நமக்கு வந்து சேரவில்லை, சந்தம் மட்டும் எழுத்திலேயே பூட்டியிருக்கிறது. ஆதியிலும் சாப்புகளிலும் அமையும் பாடல்கள் உண்டு. அமையாதவற்றுக்குச் சந்தத் தாளம் போடுவார்கள். தகிட என்றால் ஒன்றரை, தகதிமி என்றால் இரண்டு, தகதகிட என்றால் இரண்டரை அட்சரம் என்று கூட்டிக்கொண்டு போகும் கணக்கு அது.

தகிட, தகிட, தகதிமி, தகதகிட என்று வந்தால் மொத்தம் ஏழரை. ஆதி தாளத்தில் வைத்த பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் அரை அட்சரம் பிந்தும். பெட்டிக்கு ஏழரை பிடித்த கதைதான். தட்டுகளை நாமே அமைத்துக்கொள்ள விடும் செயலியாக இருந்தால், அரை அட்சரத்தையே ஓர் எண்ணிக்கையாக்கி 3, 3, 4, 5 என்று 15 தட்டுக்கு வைத்துவிடலாம். திருப்புகழ் கற்பிப்பவர் செயலி வாங்கும்போது பார்க்க வேண்டியது அழகான தம்பூரா ஒலியை அல்ல, இந்த வசதி இருக்கிறதா என்பதைத்தான்.

கார்டு சேர்ப்பவை

மேலை இசையில் கதை வேறு. 1950-ல் நியூயார்க்கில் தொடங்கிய மியூசிக் மைனஸ் ஒன் நிறுவனம் ஒரு வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பதித்த இசைத்தட்டுகளை விற்றது. 1990-ல் கனடாவின் பி.ஜி. மியூசிக் வெளியிட்ட பேண்ட்-இன்-எ-பாக்ஸ் அதற்கு அடுத்த படி. கார்டுகளைத் தட்டச்சு செய்து பாணியைச் சொன்னால் பியானோ, பேஸ், டிரம்ஸ் எல்லாம் தானே வாசித்துத் தரும். நம் ஊர்களில் அந்த இடத்தைப் பிடித்தது கீபோர்டு. டிரினிட்டி தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை இடது கையால் கார்டைப் பிடித்தால் முழு பேண்டும் கிளம்பும். கீர்த்தனையும் பாமாலையும் பாடும் தேவாலயங்களிலும் மெல்லிசை மேடைகளிலும் இது பிழைப்புக்கே உதவும் கருவி. மோகனத்தை இதில் வாசித்தால் ஓரளவு ஒப்பேறும். தோடியை வைத்தால், கமகத்தில் அசையும் காந்தாரத்தின் கீழே அசையாத கார்டு உட்கார்ந்து ராகத்தைக் கொன்றுவிடும்.

கேட்கும் இயந்திரம்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் கலைஞர்தான் பின்தொடர வேண்டும். கலைஞரைப் பின்தொடரும் கணினியை 1984-ல் பாரிஸில் நடந்த சர்வதேசக் கணினி இசை மாநாட்டில் ரோஜர் டானன்பெர்க், பாரி வெர்கோ இருவரும் தனித்தனியே முன்வைத்தார்கள். வாசிப்பைக் கேட்டு, இசைத்தாளில் இப்போது எந்த இடம் என்று கண்டுபிடித்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து உடன் வாசிக்கும் முறை அது. இதற்கு முன்கூட்டி எழுதிய இசைத்தாள் வேண்டும். கற்பனாசுரத்துக்கு ஏது தாள்? பாடகரின் சுரத்தைக் கேட்டு உடன் ஒலிக்கும் நாத்சாதனா என்ற இந்தியச் செயலி 2021-ல் ஆப்பிள் வடிவமைப்பு விருது பெற்றது. அதை உருவாக்கிய சந்தீப் ரானடே இந்துஸ்தானி பாடகர்.

கோயில் மின்மேளம் இந்த வரிசையின் மறுகோடியில் இருக்கிறது. மோட்டார் சுழலும்போது கைகள் எழும்பி விழுந்து முரசையும் மணியையும் அடிக்கும். கோயில் சிறிதாக இருந்து மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாதபோது தீபாராதனைக்குச் சுவிட்சைத் தட்டிவிடுகிறார்கள். தட்டிய நேரம் முதல் அணைக்கும் நேரம் வரை ஒரே அடி.

கார்த்திகைத் தீபத் திருநாளில் பஞ்சமூர்த்திகள் திருவண்ணாமலை மாடவீதிக்குப் புறப்படும்போது நாதசுரத்தில் கம்பீர நாட்டையில் மல்லாரி எழும். சுவாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாற்றவோ மண்டகப்படித் தீபாராதனைக்கோ நின்றால் மேளமும் அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கும். தவில்காரர் ஒரு கண்ணைத் தண்டின்மேல் வைத்துக்கொண்டேதான் வாசிப்பார். தோள்கள் மறுபடி எழுவதைப் பார்த்த பிறகே தீர்மானத்தை வைத்து முடிப்பார்.