யாரிடம் கேட்பது?

1956 ஜூலையில், சிகாகோவுக்கு மேற்கே எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஊரின் பூங்காவில் ஒரு பிக்னிக். கூடியிருந்தவை பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். மேரி வைட், மேரியன் டாம்ப்சன் என்ற இரண்டு பெண்கள் அங்கே உட்கார்ந்து தங்கள் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். அதைப் பார்த்துப் பக்கத்தில் வந்த மற்ற பெண்கள் சொன்னதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான்: எனக்கும் ஆசையாத்தான் இருந்தது, ஆனா முடியல.

இந்த ‘முடியல’தான் விசித்திரம். உடம்பில் பால் சுரக்கவே வழியில்லாத பெண்கள் மிகச் சிலர். ஆனால் அன்றைய அமெரிக்காவில் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் சுமார் 20 சதவீதம். அந்தப் பெண்களின் பாட்டிகளுக்கு இது ஒரு விஷயமாகவே இருந்திருக்காது. இரண்டு தலைமுறைக்குள் அப்படி என்ன நடந்தது?

பால் பவுடர் கம்பெனிகளின் சதி என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் 1950களில் பல வீடுகளில் குழந்தைக்குக் கலக்கியது டப்பாவில் வந்த கெட்டிப்பாலும் சோளப்பாகும் தண்ணீரும்தான். பெரிய மாற்றம் நடந்த இடம் பிரசவ வார்டு. 1938இல் அமெரிக்கப் பிரசவங்களில் பாதிதான் ஆஸ்பத்திரியில் நடந்தன, 1955இல் 95 சதவீதம். பல பெண்கள் ஸ்கோப்போலமின் மயக்கத்தில் பெற்றார்கள். குழந்தை நர்சரியில், தாய் வேறு அறையில். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையைக் கொண்டுவருவார்கள். நடுவில் அழுதால் நர்சரியிலேயே பாட்டில்.

இங்கே ஒரு ப்ரோக்ராமரின் புத்தி வேலை செய்யாமல் இருக்காது. பால் சுரப்பது ஒரு ஃபீட்பேக் லூப். குழந்தை எவ்வளவு உறிஞ்சி எடுக்கிறதோ அவ்வளவு சுரக்கும். மார்பில் பால் தேங்கி நின்றால் உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நாளில் வருவது கொஞ்சமே கொஞ்சம் சீம்பால். அந்த நாட்களில் குழந்தையைத் தள்ளி வைத்து, பாட்டிலில் வயிற்றை நிரப்பி, கடிகாரத்தைப் பார்த்துத் தாயிடம் கொடுத்தால் அது உறிஞ்சாமல் தூங்கிவிடும். லூப் அறுந்தது. ஐந்தாம் நாள் ‘உங்களுக்குப் பால் போதாதும்மா’ என்று சொல்லும்போது அது உண்மையாகவே ஆகியிருக்கும். சிஸ்டத்தைக் கெடுத்த கையே சிஸ்டம் சரியில்லை என்று ரிப்போர்ட் எழுதுகிறது.

சரி, கர்ப்ப காலத்திலேயே தயாராகியிருக்கலாமே? தயாரானார்கள், பாவம். சொரசொரப்பான துண்டால் முலைக்காம்பைத் தேய்க்கச் சொன்னார்கள், தோல் தடிக்க வேண்டுமாம். 1953இல் ஹாஃப்மன் என்ற மருத்துவர் உள்ளிழுத்த காம்புகளுக்கு விரலால் இழுக்கும் பயிற்சி ஒன்றைப் பரிந்துரைத்தார். துணிக்குள் அணியும் பிளாஸ்டிக் கவசங்களும் இருந்தன. இதையெல்லாம் யாராவது சோதித்தார்களா என்றால், 1992இல்தான் பிரிட்டனில் ஒழுங்கான ஒரு ஆய்வு வெளியானது. பயிற்சியால் பலன் தெரியவில்லை. கவசம் அணியச் சொல்லப்பட்டவர்களில் ஆறு வாரம் கழித்தும் தாய்ப்பால் கொடுத்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவு! குறை உன் உடம்பில் என்று மாதக்கணக்கில் சொல்லிவைத்தால் வேறென்ன நடக்கும், என்பது என் ஊகம்.

பிக்னிக்கில் இருந்த இருவரும் பிடித்தது வேறு வழி. இன்னும் ஐந்து சிநேகிதிகள் சேர்ந்தார்கள். அந்த அக்டோபரில் பிராங்க்ளின் பார்க்கில் மேரி வைட் வீட்டு ஹாலில் முதல் கூட்டம். வந்தவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். எழுவரில் ஒருவரான எட்வினா ஃப்ரோலிக் முதல் குழந்தை பெற்றபோது வயது 36. அந்த வயதில் பால் வராது என்று சொல்லப்பட்டு, கேட்காமல் கொடுத்தவர். சங்கத்துக்குப் பெயர் வைப்பதிலும் சிக்கல்: ‘மார்பு’ என்ற வார்த்தையைப் பத்திரிகைகள் அச்சிடாது. ஃப்ளோரிடாவில் பாலூட்டும் மாதாவுக்கு ஒரு கோவில் உண்டு. அந்த ஸ்பானிஷ் பெயரிலிருந்து எடுத்து ‘லா லெச்சே லீக்’ என்று வைத்தார்கள். லெச்சே என்றால் பால். அமெரிக்கர்களுக்கே புரியாது, அதுதான் வசதி.

மாதம் ஒரு கூட்டம், நாலு கூட்டத்தில் ஒரு சுற்று. தாய்ப்பாலின் நன்மை, பிரசவமும் குழந்தையின் வருகையும், வரும் சிக்கல்கள், பிறகு உணவும் பால் மறக்கடிப்பதும். இதெல்லாம் புத்தகத்திலும் படிக்கலாம், 1958இல் அவர்களே தனித்தாள்களாக ஒன்று வெளியிட்டார்கள். ஆனால் வயிற்றில் ஏழு மாதத்தோடு வந்து உட்காரும் பெண்ணுக்கு அந்த ஹாலில் கிடைத்தது, இன்னொருத்தி பால் கொடுப்பதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பக்கத்திலிருந்து பார்ப்பது. கூடவே ஒரு போன் நம்பர். ராத்திரி மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு குழந்தை வாய் வைக்க மறுக்கும்போது கூப்பிட, அதே பாட்டைப் பட்டவள் ஒருத்தி.

இவர்களைப் புனிதராக்கவும் வேண்டாம். வேலைக்குப் போகும் தாய்மார்களை லீக் வெகுகாலம் முகம் சுளித்தே பார்த்தது. நடுத்தர வர்க்க வெள்ளைக்கார இல்லத்தரசிகளின் வட்டம் என்ற விமர்சனமும் நியாயமானதே. பகலில் கூட்டத்துக்கு வர யாருக்கு நேரம் இருந்தது? இருந்தாலும் 1971இல் 25 சதவீதத்தை ஒட்டியிருந்த அமெரிக்கக் கணக்கு 1982இல் 60ஐத் தாண்டியது. அதில் பெண்ணிய இயக்கத்துக்கும் ஹிப்பிகளுக்கும் பங்குண்டு.

1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்குப் பத்து படிகளை வகுத்தன. மூன்றாவது, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் முன்கூட்டியே தாய்ப்பால் பற்றிச் சொல்வது. பத்தாவது, வீட்டுக்குப் போனபின் உதவ ஒரு ஆதரவுக் குழுவோடு சேர்த்துவிடுவது. ஹாலில் நடந்தது சர்வதேச ஆவணமாகிவிட்டது.

நம்மூரில் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பும் வழக்கம், பத்தாவது படியை ஒரு விதத்தில் முன்பே செய்துகொண்டிருந்தது. சீம்பாலைக் கறந்து கொட்டச் சொன்ன பாட்டிகளும் அதே வீடுகளில் உண்டு, மறக்கவில்லை. ஆனால் இன்று அபார்ட்மெண்டில், பாட்டில் பாலில் வளர்த்த அம்மாவிடம் மகள் என்ன கேட்பாள்?

என் மனைவிக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் தடுப்பூசி அட்டவணை இருந்தது, பில் விவரம் மூன்று பக்கம் இருந்தது. பால் கட்டினால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு வரி இல்லை. நாலாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு எதிர் ஃப்ளாட் அக்கா நைட்டியோடு வந்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் கையால் பீய்ச்சி மார்பை இளக்கி, குழந்தையைத் தலையணையோடு இன்னும் கிட்டே இழுத்து, “வாய் நல்லா தொறக்கட்டும், அவசரப்படாதடி” என்றார். என்னைப் பார்த்து, நின்றுகொண்டிருக்காமல் போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.