உயிரும் சந்ததியும்: ஒரு வினாவின் வரலாறு

அரபு மொழியில் நண்டுக்கும் புற்றுநோய்க்கும் பெயர் ஒன்றே. ‘சரத்தான்’ என்பர். கட்டியைச் சுற்றிப் புடைத்தோடும் நாளங்களை நண்டின் கால்களாகக் கண்டு கிரேக்க மருத்துவர் இட்ட பெயரை அரபு மருத்துவர் தம் மொழியிற் பெயர்த்துக் கொண்டனர். ஹக்கீம் இப்னு ஸீனா (மறைவு 1037) ‘அல்கானூன்’ என்னும் தம் பெருநூலில் இந்நோயைப் பற்றி எழுதியுள்ளார். ஆயினும், ‘இந்நோய் தீர்ந்தபின் எனக்குப் பிள்ளை பிறக்குமா?’ என்னும் வினா அந்நாளில் எழ இடமில்லை. தீர்ந்து எழுந்தவரே அரியர். பிழைப்போர் பெருகிய பின்னரே இவ்வினா பிறந்தது.

நம் தமிழகத்தில் அம்மாற்றத்துக்கு வித்திட்டது ஒரு மரணம். 1923இல் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். இன்று சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை வட்டாரத்து மக்கள் அங்கும், அதனினும் அருகிலுள்ள புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்று வருகின்றனர். நலம் பெற்றுத் திரும்புவோருள் இளையோரும் உளர்: நிக்காஹ் பேசி முடித்த வாலிபர், முதற்பிள்ளையை எதிர்நோக்கும் இளம் மனைவி, ஓதப் பள்ளிக்குச் செல்லும் சிறுமி.

நோயை அழிக்கும் படையே சந்ததியின் வேரையும் அறுக்கக்கூடும் என்பது நெடுநாளாக அறியப்பட்டதே. எக்ஸ் கதிர் விலங்குகளை மலடாக்கும் என்று 1903இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பெர்ஸ் ஷோன்பெர்க் காட்டினார். போரில் நஞ்சாக வீசப்பட்ட கடுகு வாயுவின் இனத்து மருந்தொன்று 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. விரைந்து பெருகும் செல்களைக் கொல்வது அதன் தொழில். நல்லது தீயது என அது பிரித்தறியாது. 1960களில் அதனோடு வேறு மூன்று மருந்துகளைக் கூட்டி ஹாட்ஜ்கின் நோயைக் குணப்படுத்தினர். குணமடைந்த ஆடவருள் மிகப் பலருக்கு விந்தில் உயிரணு அற்றுப்போயிற்று.

மாற்று வழி தற்செயலாகத் திறந்தது. 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ் என்பவரும் அவர்தம் தோழரும் சேவலின் விந்தைப் பழச்சர்க்கரைக் கரைசலில் உறையவைத்துத் தோல்வியே கண்டு வந்தனர். ஒருநாள் உயிரணுக்கள் உயிரோடு மீண்டன. புட்டியை ஆராய்ந்தபோது அதிலிருந்தது சர்க்கரை அன்று, கிளிசரின்! 1953இல் அமெரிக்க ஆய்வாளர் மனித விந்தையும் உறையவைத்துக் கருத்தரிப்பு நிகழ்ந்ததை வெளியிட்டனர்.

கருவையே உறையவைத்துக் காத்த பெருமை நம் நாட்டுக்குரியது. 1978 அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாயர், 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்த கருவிலிருந்து ஒரு பெண் மகவு பிறந்ததை அறிவித்தார். அரசு அமைத்த விசாரணைக் குழு அதனை நம்ப மறுத்தது. கண் மருத்துவ நிலையமொன்றுக்கு மாற்றப்பட்ட அவர் 1981இல் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். 1997இல் விஞ்ஞானி ஆனந்தகுமார் அவர் குறிப்புகளைப் படித்து, முதன்மை அவர்க்கே உரியது என நிறுவினார். கேட்கவே மறுத்த குழுவை எண்ணும்போதெல்லாம் நம் மனம் வேதனைப்படுகிறது.

பெண்ணின் சினைப்பைத் திசுவை உறையவைக்கும் முறை அதன்பின் வந்தது. சிகிச்சைக்கு முன் எடுத்து வைத்த தன் திசுவையே மீளப் பெற்ற பெண்ணொருத்தி 2004இல் பெல்ஜியத்தில் தாயானாள். துபாயைச் சேர்ந்த பெண்ணொருத்தி, தலசீமியா நோய்க்காக ஒன்பது வயதில் கடும் மருந்து ஏற்கும் முன் உறையவைத்த தன் திசுவைக் கொண்டு 2016இல் இலண்டனில் ஆண்மகவைப் பெற்றாள்.

இவற்றையெல்லாம் ஷரீஅத் ஏற்குமா? நம்மிடம் தாழ்ந்த குரலில் இக்கேள்வியைக் கொண்டு வந்தோர் உண்டு. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) ‘அல்முஸ்தஸ்ஃபா’வில் ஷரீஅத் காக்க வந்தவை ஐந்து என்பார்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள். உயிர் சந்ததிக்கு முன் நிற்பதைக் காண்க. ஆதலால் பிள்ளைச் செல்வத்தின் பொருட்டு உயிர்காக்கும் சிகிச்சையை ஆபத்தான அளவு தள்ளிவைக்க இடமில்லை. ஆனால் இரண்டையும் காக்க வழியிருக்க, ஒன்றைக் கைவிடுதலும் அவ்வரிசையின் கருத்தன்று. முதுமையிலும் மகப்பேறு வேண்டி இறைஞ்சிய ஜகரிய்யா நபி (அலை) அவர்களின் ஏக்கத்தைத் திருமறை பழிக்கவில்லை.

பிற்கால அறிஞரும் வாளாவிருக்கவில்லை. எகிப்தின் முஃப்தியாயிருந்து பின்னர் அல்அஸ்ஹரின் ஷைகான ஜாதுல் ஹக் அவர்கள் 1980 மார்ச்சிலேயே, கணவன் மனைவி இருவர்க்குள் மட்டும் அமையும் சோதனைக்குழாய் முறை ஆகும் என்று தீர்ப்பளித்தார்கள். 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி ஏழு முறைகளை ஆராய்ந்து, ஐந்தை விலக்கி, தம்பதியர்க்குள் அமையும் இரண்டைத் தேவைப்படுங்கால் அனுமதித்தது. 1990இல் பிறர் சினைப்பையையும் விதையையும் பொருத்துதலை அது தடுத்தது. அவை மரபை ஏந்திச் செல்வன என்பது காரணம். தன் திசு தன்னுடலுக்கே மீளும்போது அக்காரணம் பொருந்தாது என்பது நம் கருத்து. எகிப்தின் தாருல் இஃப்தா 2019இல் கருமுட்டையை உறையவைத்தலை நிபந்தனைகளோடு அனுமதித்தது. மணமாகாதவரும் தம் அணுவைக் காத்து வைத்து, நிக்காஹ்வுக்குப் பின் பயன்கொள்ள இது வழிகாட்டுகிறது.

இவ்வாறிருக்க, கதவை அடைப்பது நம் வீடுகளின் மௌனமேயாகும். ‘செய்தி வெளியே போனால் பெண்ணுக்கு வரன் வராது’ என்று நோயையே மறைக்கும் குடும்பம், பிள்ளைப்பேற்றைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறக்குமா? மருத்துவரும் உயிரைக் காக்கும் விரைவில் மறந்துவிடலாம். காலமோ குறுகியது. ஆடவர்க்கு ஓரிரு நாள் போதும். கருமுட்டை எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். சினைப்பைத் திசுவைச் சில நாட்களில் எடுக்கலாம்; எனினும் இரத்தப் புற்றில் திசுவோடு நோயும் மீளும் அபாயம் உண்டு. பருவமடையாத ஆண்பிள்ளைக்குரிய முறை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. காத்து வைத்த யாவும் பிள்ளையாகும் என்பதற்கும் உறுதியில்லை. முதல் மருந்து ஏறுமுன் மருத்துவரைக் கேட்டால்தான் எவ்வழி திறந்துள்ளது, அதற்கு நோய் இடந்தருமா என்பது தெரியும்.

காத்து வைக்கத் துணிந்தோர் ஒப்பமிடும் தாளில் ஓர் இடத்தை நிதானித்து வாசிக்க வேண்டும். ஒருவர் மரணித்தால், அல்லது மணம் முறிந்தால், உறைந்திருப்பதை என்செய்வது என்று அங்கே கேட்கப்படும். மவுத்தாலோ தலாக்காலோ திருமண உறவு முடிந்தபின் அதனைப் பயன்கொள்ளலாகாது என்பது ஃபிக்ஹு அறிஞர் பெரும்பாலோர் நிலை. கருவைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்க 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் இடந்தரவில்லை. எஞ்சியதைப் பிறர்க்கு வழங்கும் கட்டத்தை நிரப்பாது, தானே முடிந்துபோக விடுமாறு எழுதி ஒப்பமிடுக.