கடவுச்சீட்டும் வசிப்பும்: சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்குவது குறித்த ஓர் ஆய்வு

வெளிநாட்டவர் வீடு வாங்குவதைக் கட்டுப்படுத்த எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் அடங்கிவிடும் சிங்கப்பூருக்கு அது கடமையும்கூட. அந்த உரிமையை எந்த அளவுகோலைக் கொண்டு செயல்படுத்துவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிக்கல். 2023 ஏப்ரல் 27 முதல் அங்கே வீடு வாங்கும் வெளிநாட்டவர் விலையில் 60 விழுக்காட்டைக் கூடுதல் முத்திரை வரியாகச் செலுத்த வேண்டும். வாங்குபவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதை இந்த வரி பார்க்கிறது. அவர் அந்த வீட்டில் வாழப்போகிறாரா என்பதைப் பார்ப்பதில்லை. வசிப்பை அளவுகோலாகக் கொண்டால் வரியின் நோக்கமும் நிறைவேறும், நியாயமும் நிலைக்கும் என்பது என் வாதம்.

கட்டுப்பாட்டின் அடுக்குகள்

சிங்கப்பூரின் வீட்டுச் சந்தையில் வெளிநாட்டவருக்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, 1976ஆம் ஆண்டின் குடியிருப்புச் சொத்துச் சட்டம். அதன்படி அரசின் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் தரைவீடு வாங்க முடியாது. இரண்டாவது, 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிகள். குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் கழக வீடுகளில் வாழ்கின்றனர். நிரந்தரவாசத் தகுதி இல்லாத வெளிநாட்டவர் தாமாக அவற்றை வாங்க இயலாது. எஞ்சுவது தனியார் கூட்டுரிமை வீடுகள் (காண்டோமினியம்) மட்டுமே. மூன்றாவது தடையான கூடுதல் முத்திரை வரி அங்கேதான் குறுக்கிடுகிறது. 2011 டிசம்பரில் வெளிநாட்டவருக்கு 10 விழுக்காடாக அறிமுகமான அது, 2013இல் 15, 2018இல் 20, 2021இல் 30 என ஏறி, 2023இல் ஒரே அடியாக இரட்டிப்பானது.

ஒரு கணக்கு

இவ்வரியின் கனத்தை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். கூட்டுரிமை வீடு ஒன்றின் விலை 15 இலட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று கொள்வோம். எல்லாருக்கும் பொதுவான முத்திரை வரி 44,600 வெள்ளி. முதல் வீடு வாங்கும் குடிமகன் அதோடு விடுபடுகிறார். நிரந்தரவாசி மேலும் 5 விழுக்காடு, அதாவது 75,000 வெள்ளி தருகிறார். வெளிநாட்டவர் தர வேண்டிய கூடுதல் வரியோ 9,00,000 வெள்ளி. வங்கி அதிகபட்சம் 75 விழுக்காடு கடன் தரலாம். ஆகவே முன்பணம் 3,75,000 வெள்ளி. வீடு வாங்கக் குடிமக்கள் பயன்படுத்தும் மத்திய சேமநிதிக் கணக்கு வெளிநாட்டு ஊழியருக்கு இல்லாததால் வரிகளும் முன்பணமும் முழுதும் கைப்பணமாக வர வேண்டும். மொத்தம் 13,19,600 வெள்ளி. வங்கி கொடுக்கும் 11,25,000 வெள்ளிக் கடனைவிட இது அதிகம். பெருஞ்செல்வருக்கு இது தாங்கக்கூடிய சுமையாக இருக்கலாம். சம்பளத்தில் வாழும் பொறியாளருக்கோ செவிலியருக்கோ கதவு சாத்தப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி சாத்தப்படவுமில்லை. தடையற்ற வர்த்தக உடன்பாடுகளின் காரணமாக அமெரிக்கக் குடிமக்களும், சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நாட்டவரும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்குரிய விகிதத்திலேயே வரி செலுத்துகின்றனர். 2005இல் இந்தியாவுடன் கையெழுத்தான பொருளியல் உடன்பாடு இந்தச் சலுகையைத் தரவில்லை. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில் பத்தாண்டு உழைத்து, வருமான வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பம் 60 விழுக்காடு கட்ட வேண்டும்; நேற்று வந்திறங்கிய அமெரிக்கர் தம் முதல் வீட்டுக்குக் கூடுதல் வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை. விலையேற்றத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு அந்த நோக்கத்தில் இடமில்லை.

எதிர்வாதம்

சிங்கப்பூர் அரசின் தரப்பு வலுவானது என்பதை மறுக்கலாகாது. கழக வீட்டை விற்றுக் கூட்டுரிமை வீட்டுக்கு மாற விரும்பும் குடிமக்கள் ஏராளம். வெளிநாட்டுப் பணம் கூட்டுரிமை வீட்டின் விலையை ஏற்றினால் அவர்களின் கனவு எட்டாமல் போகும். அந்த ஏற்றம் கழக மறுவிற்பனைச் சந்தைக்கும் பரவும். தங்கி வாழ விரும்புவோர் நிரந்தரவாசம் பெறட்டும் என்பதும் நேர்மையான பதிலே. ஆனால் நிரந்தரவாசம் விண்ணப்பித்தவருக்கெல்லாம் கிடைப்பதன்று. அது அரசின் விருப்புரிமை. மேலும், வாங்கும் நாளில் இருக்கும் தகுதியே வரியைத் தீர்மானிக்கிறது. காலியாகப் பூட்டிவைக்க வாங்குபவரையும் குடியிருக்க வாங்குபவரையும் ஒரே தட்டில் வைக்க இந்த எதிர்வாதம் போதிய காரணம் ஆகாது.

பிற நாடுகளின் வழி

கடுமையில் சிங்கப்பூரை விஞ்சிய நாடுகளே வசிப்பைக் கணக்கில் கொண்டுள்ளன. 2018 அக்டோபரில் நியூசிலாந்து வெளிநாட்டவருக்கு வீடு விற்பதைப் பெரும்பாலும் தடைசெய்தது. எனினும் வதிவிட விசா பெற்று, ஓராண்டாக அங்கே வாழ்ந்து, அதில் 183 நாளாவது நாட்டுக்குள் இருந்தவர்கள் வாங்கலாம். 2023 ஜனவரி முதல் கனடா விதித்துள்ள தடையும், பணி அனுமதியில் குறைந்தது 183 நாள் எஞ்சியிருப்பவருக்கு ஒரு வீடு வாங்க இடம் தருகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் வெளிநாட்டவரிடம் 25 விழுக்காடு வரி வாங்குகிறது. அவர் நான்காண்டுக்குள் நிரந்தரவாசியானால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைத் திருப்பித் தருகிறது.

சிங்கப்பூருக்கும் இந்தச் சிந்தனை புதியதன்று. குடிமகனை மணந்த வெளிநாட்டவர் துணையுடன் சேர்ந்து முதல் வீடு வாங்கினால் கூடுதல் வரி தள்ளுபடியாகிறது. ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரியிலும் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு விகிதம், வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வேறு விகிதம். யார் குடியிருக்கிறார் என்று சரிபார்க்கும் நிர்வாக ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

முடிவுரை

எனவே இக்கட்டுரை முன்வைக்கும் திருத்தம் இது: ஐந்தாண்டுக்குக் குறையாமல் அங்கே பணியாற்றி வருமான வரி செலுத்திய வெளிநாட்டவர், தாம் குடியிருக்க ஒரே ஒரு வீடு வாங்கினால் நிரந்தரவாசிக்குரிய 5 விழுக்காட்டையே விதிக்க வேண்டும். அவர் வீட்டை வாடகைக்கு விட்டாலோ பூட்டி வைத்தாலோ மீதி 55 விழுக்காட்டையும் வசூலிக்கலாம். இந்தச் சலுகை அதிகம் என்று அரசு கருதினால், ஒன்டாரியோவைப் போல முதலில் வாங்கிப் பின்னர் திருப்பித் தரும் முறையையாவது ஏற்கலாம். முதலீட்டாளரைத் தடுக்கும் 60 விழுக்காடு அப்படியே இருக்கட்டும். குடியிருக்க வருபவரை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று.