வெட்டுக்காயம் எந்தப் பக்கம்?

திராட்சைக்கொடி இலை உதிர்த்துத் தூங்கும் குளிர்காலத்தில்தான் ஐரோப்பாவில் கவாத்து நடக்கும். போன வருசக் கிளைகளில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்கள். விட்டுவைக்கும் சில மொட்டுகளில்தான் அடுத்த விளைச்சல். ஆனா பெரிய வெட்டுக்காயம் லேசில் ஆறாது. அங்கிருந்து மரம் உள்நோக்கிக் காயும். எஸ்கா என்ற நோயைத் தரும் பூஞ்சைகளும் அந்த வழியாக நுழையும். நல்லா நின்ற கொடி கோடையில் சில நாளிலேயே கருகிப்போவதும் உண்டு.

கொன்யாக் பிராந்திக்குப் பேர்போன ஷராந்த் வட்டாரத்தில் பூசார் என்பவர் கையாண்ட கவாத்து முறையை ரெனே லாஃபோன் 1921-ல் எழுதிவைத்தார். விசயம் ரொம்ப எளிது: காயங்கள் எல்லாம் கிளையின் மேல்பக்கமே விழணும். அப்போ அடிப்பக்கம் சாறு தடையில்லாமல் ஓடும்.

ஆனா எஸ்காவுக்கு இன்னொரு மருந்தும் இருந்தது: சோடியம் ஆர்சனைட். குளிர்காலத்தில் தெளித்தால் வேலை முடிந்தது. கையில் மருந்து இருக்கும்போது வெட்டும் பக்கத்தை யார் கவனிப்பார்கள்? ஆனா அது தெளிப்பவருக்கும் நஞ்சு. 2001-ல் பிரான்ஸ் அதைத் தடைசெய்தது. அதன்பிறகுதான் 80 வருசப் பழைய அந்த முறைக்கு மறுபடி மவுசு வந்தது.

மருந்து மறக்கடித்த கைவேலையை, மருந்து போன பிறகு இப்போ மறுபடி கத்துக்கிட்டு இருக்காங்க.