ஐந்நூறு கட்டைகள்

மலை, காடு என்று சுற்றுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஹிலாரி வருவார், டென்சிங் வருவார், மிஞ்சிப் போனால் மெஸ்னர் வருவார். கிந்தப் என்று சொன்னால் "யாருங்க அது?" என்பார்கள். டார்ஜிலிங்கில் தையல் வேலை பார்த்த சிக்கிம்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. உலகத்தின் மிக ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஒன்றுக்கு நடந்தே போய், நாலு வருடம் கழித்து ஊர் திரும்பியவர். அசாமுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கே இவரைத் தெரியும்.

முதலில் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம். திபெத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவது சாங்போ. 7,782 மீட்டர் உயரமுள்ள நம்சா பர்வா சிகரத்தைச் சுற்றிக்கொண்டு சட்டென்று தெற்கே திரும்பி மலைகளுக்குள் மறைந்துவிடும். இந்தப் பக்கம் அருணாசலப் பிரதேச மலைகளிலிருந்து சியாங் என்று ஓர் ஆறு இறங்குகிறது. அசாமில் அதுதான் பிரம்மபுத்திராவாகிறது. இரண்டும் ஒரே ஆறுதான் என்று இன்றைக்கு ஸ்கூல் பையன்கூடச் சொல்வான். 1880-ல் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. சாங்போ பர்மாவின் ஐராவதியில் கலக்கிறது என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். பள்ளத்தாக்கில் நுழையும்போது ஆறு சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாசிகாட்டில் சமவெளியைத் தொடும்போது சுமார் 155 மீட்டர். நடுவில் எங்கேயோ ஒரு பிரம்மாண்டமான நீர்வீழ்ச்சி இருந்தே ஆகவேண்டும் என்று பலர் நம்பினார்கள்.

1802-ல் நம்ம பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, அதற்குள் இமயமலை வரை வந்துவிட்டது. திபெத்துக்குள் மட்டும் வெள்ளைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் மலைநாட்டு ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து யாத்ரீகர் வேஷத்தில் அனுப்பினார்கள். நைன் சிங் போன்றவர்கள் ஜெபமாலையை உருட்டுகிற மாதிரி தங்கள் காலடியை எண்ணியபடியே நடந்து வந்தார்கள்.

டார்ஜிலிங்கில் இருந்த சர்வே அதிகாரி கேப்டன் ஹார்மன் வேறு ஒரு யோசனை செய்தார். ஒரு லாமாவையும் அவருக்கு உதவியாளாகக் கிந்தப்பையும் அனுப்புவது. ஆற்றோடே இந்தியா வரை வர முடிந்தால் வரட்டும். முடியாவிட்டால் அடையாளமிட்ட 500 கட்டைகளை, ஒரு நாளைக்கு 50 வீதம் பத்து நாள் ஆற்றில் விடட்டும். கீழே ஆட்களை நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். ஒரு கட்டை வந்தாலும் போதும், ஆறு ஒன்றுதான் என்று ஆகிவிடும்.

1880 ஆகஸ்டில் கிளம்பினார்கள். லாமா வழியில் ஓர் ஊரில் தங்கிய வீட்டுக்காரர் மனைவியோடு தொடர்பு வைத்து, நாலு மாதத்தையும் இருபத்தைந்து ரூபாயையும் தொலைத்தார். ஒருவழியாகப் பெமாகோசுங் வரை போனார்கள். அதற்கு மேல் ஆற்றங்கரையில் வழியே இல்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. திரும்பி, மலையைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார்கள். 1881 மே மாதம் தோங்க்யுக் என்ற ஊரில், "ரெண்டு மூணு நாளில் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு லாமா கம்பி நீட்டிவிட்டார். போவதற்கு முன்னால் அந்த ஊர் அதிகாரியிடம் கிந்தப்பை அடிமையாக விற்றுவிட்டார்!

1882 மார்ச்சில் கிந்தப் தப்பினார். நாமாக இருந்தால் நேரே வீட்டைப் பார்த்து ஓடியிருப்போம். அவர் ஆறு போகிற திசையில் போனார். மார்பூங் மடாலயம் வரை போனதும் தேடி வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். மடாலயத்தின் தலைமை லாமாவின் காலில் விழ, அவர் ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டார். மறுபடியும் அடிமை, எஜமான்தான் வேறு.

சில மாதம் கழித்து, யாத்திரை போகிறேன் என்று லீவு கேட்டார். போன இடத்தில் ஓரடி நீளத்தில் 500 கட்டைகள் வெட்டி ஒரு குகையில் ஒளித்துவைத்துவிட்டு மடாலயத்துக்குத் திரும்பினார். அடுத்த முறை யாத்திரை என்று சொல்லி லாசாவுக்கே போனார். அங்கே ஓர் ஊர்க்காரரைப் பிடித்து, எந்தத் தேதிகளில் கட்டைகளை விடுவேன் என்று கடிதம் எழுதச் சொல்லி டார்ஜிலிங்குக்கு அனுப்பினார். லாசாவிலிருந்து டார்ஜிலிங்குக்கு வழி இருக்கிறது, துணைக்கு ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் மனிதர் மார்பூங்குக்கே திரும்பிப் போனார். இன்னும் ஒன்பது மாதம் உழைத்தார். அந்த லாமா மனமிரங்கி விடுதலை கொடுத்தார். சொன்ன தேதிகளில், தினம் ஐம்பதாக, ஐந்நூறு கட்டைகளையும் ஆற்றில் விட்டார்.

கீழே பார்க்க ஒருத்தரும் இல்லை. கடிதம் ஹார்மன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டுப் போன அவர் 1883-ல் இறந்துவிட்டார். பாசிகாட்டில் சியாங்கின் அகலத்தையும் வேகத்தையும் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: ஆளை நிறுத்தியிருந்தால்கூட ஓரடிக் கட்டையைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். நிறுத்தவே இல்லை என்பது வேறு விஷயம்.

கிந்தப் ஆற்றோடு இன்னும் கீழே போய்ப் பார்த்தார். ஆதி மக்களின் மலைப்பகுதியைத் தாண்ட முடியாமல் திரும்பி, 1884 நவம்பரில் டார்ஜிலிங் வந்தார். இடையில் அவருடைய அம்மா இறந்துபோயிருந்தார்.

அவர் வாயால் சொன்னதை ஒருவர் எழுத, அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அறிக்கையானது. அளவுக் கருவி இல்லாமல், கையெழுத்துப் போடத் தெரியாத ஆள் நினைவிலிருந்து சொன்னதை எத்தனை பேர் நம்புவார்கள்? அதில் பெமாகோசுங் பக்கத்தில் சாங்போவில் 150 அடி நீர்வீழ்ச்சி என்று இருந்தது. 1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் அங்கே போய்ப் பார்த்தால் சுமார் 30 அடிதான். மற்ற தகவல்கள் ஏறக்குறைய அப்படியே சரியாக இருந்தன. பெய்லி 1914-ல் கிந்தப்பைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டார். 150 அடி விழுவது ஆற்றில் இல்லை, கியாலாவுக்கு எதிரே ஒரு சின்ன ஓடையில் என்று கிந்தப் தெளிவாகச் சொன்னார். எழுதினவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். முப்பது வருடமாக அந்தப் பிழை அவர் பெயரில் இருந்தது. பெய்லி அவருக்குப் பென்ஷன் கேட்டார். அரசாங்கம் மொத்தமாக 1,000 ரூபாய் கொடுத்தது. சில மாதங்களில் கிந்தப் இறந்துபோனார்.

பழங்கதை என்று இதைத் தள்ள முடியவில்லை. 2000 ஏப்ரலில் சாங்போவோடு சேரும் ஆறுகளில் ஒன்றான யிகோங்கை ஒரு பெரிய நிலச்சரிவு அடைத்தது. ஜூனில் அந்த அடைப்பு உடைந்து, வெள்ளம் சியாங் வழியாக இறங்கி அருணாசலத்தில் உயிர்களையும் பாலங்களையும் கொண்டுபோனது. 2017 கடைசியில் சியாங் கறுப்பாக ஓடியது. மேலே என்ன நடந்தது என்று பாசிகாட்டில் ஆளாளுக்கு ஊகித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளக் காலத் தகவல் கொடுக்க 2002-ல் சீனாவோடு போட்ட ஒப்பந்தம், பல முறை நீட்டிக்கப்பட்டு, 2023-ல் காலாவதியானது. 2025 ஜூலையில் அதே பெரிய வளைவில் மிகப் பெரிய நீர்மின் திட்டத்தின் வேலையைச் சீனா தொடங்கியது.

ஆறு ஒன்றுதான் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. மேலே நடப்பது கீழே இருப்பவர்களுக்கு நேரத்தோடு தெரியவேண்டும். கிந்தப் தன் பங்கைச் சொன்ன தேதியில் செய்து முடித்தார். கீழ்க்கரையில் ஆள் நிறுத்தவேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.