மலைக்கு வழி காட்டியவர்கள்



மட்டக்களப்பு வாவிக்கரை மக்களாகிய நமக்கு மலை என்றால் மேற்கே குடும்பிமலைதான். வழிகாட்டியின் பின்னே சென்று சிகரம் ஏறுவது ஐரோப்பியரின் வழக்கம் என்றே பலர் எண்ணுகின்றனர். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மொன் பிளாங் சிகரத்தை பல்மா, பக்கார் ஆகிய இருவரும் 1786இல் முதன்முதலாக எட்டினர். அதன் அடிவாரமான சாமொனியில் 1821இல் வழிகாட்டிகளுக்கென ஒரு சங்கமே தோன்றியது.

அவர்கள் ஏறுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய செய்தி ஒன்று நம்மிடம் உண்டு. 1344இல் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா புத்தளக் கரையில் வந்திறங்கினார். அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவர். தமக்கு வேண்டியது ஆதம் பாதத்தைக் காண்பது ஒன்றே என்றார் விருந்தினர். மன்னர் பல்லக்கு ஒன்றைக் கொடுத்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் உடனனுப்பினார். பல்லக்குத் தூக்கிகள் நீங்கலாகவே முப்பத்திரண்டு பேர்!

நம் வரலாற்றாசிரியர்கள் இப்பகுதியை மன்னரின் ஆட்சி எல்லை பற்றி வாதிடுவதற்கே பெரிதும் எடுத்தாள்கின்றனர். வேறோர் அரசரின் நகரையும் கடந்து விருந்தினரைக் கூட்டிச்சென்ற அந்த முப்பத்திரண்டு பேர் எனக்கு அதனினும் முக்கியமானவர்கள்.

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். பனிமலை அன்று; ஆயினும் செங்குத்தானது. மலைக்கு இரு பாதைகள்: ஆதமின் பெயரால் ஒன்று, ஏவாளின் பெயரால் மற்றொன்று. ஏவாள் பாதை இலகுவானது. அவ்வழியே ஏறியவர் யாத்திரை செய்தவராகவே கருதப்படார். கடினமான ஆதம் பாதையில் இரும்பு முளைகளில் பத்துச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே நோக்குபவர், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாச் சொல்லிவிடுவாராம். முகில்கள் தமக்குக் கீழே மிதந்து அடிவாரத்தை மறைத்ததையும் அவர் சொல்லியிருக்கிறார். அனுபவித்தவரன்றி வேறு யாரால் இப்படிச் சொல்ல முடியும்?

பத்தாண்டுகள் கழித்து அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை எழுதிய நூல் 1355இல் முற்றுப்பெற்றது. அதில் நம் வழிகாட்டிகளின் தொகை இருக்கிறது; பெயர் ஒன்றுகூட இல்லை. பல்மாவுக்குச் சாமொனியில் சிலை நிற்கிறது. 1953இல் எவரெஸ்டை வென்ற டென்சிங்கின் பெயரை உலகறியும். நம்மவருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

தொழில் மட்டும் அழியவில்லை. சிவனொளிபாதம் ஏறும் சிங்கள யாத்திரிகர் குழுவை 'நடே' என்பர். முன்செல்லும் மூத்தவர் 'நடே குரா'. முதன்முறை ஏறுபவர் 'கோடு'. எங்கே இளைப்பாறுவது, எங்கே வணங்குவது என்றெல்லாம் கோடுவுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அந்தக் குராதான்.

இப்னு பதூதா இலகுவான பாதையால் இறங்கி, தெய்வந்துறை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பிக் கப்பலேறினார். அந்த யோகியர் நால்வரும் மறு ஆண்டும் மலைக்குப் போயிருப்பார்கள்.